அத்தையின் அவசரம்

வண்டியை எங்கெங்கே நிறுத்துவது என்ற பேச்சு ஆரம்பித்தபோது ஊற்றிய டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

முன்னறைத் தரையில் சகலையின் போன் மல்லாந்து கிடந்தது. திரையில் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் வெளிறிய மஞ்சள், இரண்டுக்கும் நடுவே கடலை ஒட்டிப் போகும் சாலை நூல் மாதிரி வளைந்து போயிற்று. அதைச் சுற்றிக் குடும்பம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அவன் மனைவி, மனைவியின் அக்காள், அக்காள் புருஷனான சகலை, சகலையின் மகள். மாமியார் மட்டும் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவன் டவுன் பஸ் ஓட்டுநர். இரண்டு ஷிஃப்டையும் சேர்த்து ஓட்டிவிட்டு, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தான். மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வருகிற வாரத்தில் டிப்போவில் லீவு கேட்பதும் ஒன்றுதான், கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான். "போ, நான் வேணாம்னா சொல்றேன்? அதுக்கு முன்னாடி டபுள் டியூட்டி பாத்துட்டுப் போ" என்று டைம்கீப்பர் சொல்லிவிட்டார். வாரம் பூராவும் அப்படியே கழிந்தது. ஸாக்ஸின் விளிம்பு கணுக்காலில் பள்ளம் வெட்டியிருந்தது. கண்ணுக்குள் யாரோ மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி எரிந்தது.

"பாலம் தாண்டினதும் ஒண்ணு" என்று அவன் திரையைத் தொடாமல் விரலால் காட்டினான். "அப்புறம் உப்பளம் ஆரம்பிக்கற எடத்துல ஒண்ணு. டோல்கேட்டுல ஒண்ணு. அதுக்கு அந்தாண்ட பெட்ரோல் பங்க்கு..."

"நிறுத்துங்க சகல, நிறுத்துங்க" என்று சகலை கையைத் தூக்கினார். "குடும்பமா கடல் பாக்கப் போறமா, இல்ல ஊர் ஊருக்கு ஆளேத்திக்கிட்டுப் போறமா? சொல்லிருங்க, நான் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு டிக்கெட் குடுக்கறேன்."

அக்காள் சிரித்தாள். மகள் ஒரு படி மேலே போய், "சித்தப்பா, இந்த நிறுத்தத்துலேர்ந்து அந்த நிறுத்தத்துக்கு நடந்தே போயிரலாம் போல இருக்கே" என்றாள். அவன் மனைவிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சகலை ஹார்டுவேர் கடையின் சரக்குக் கிட்டங்கியைப் பார்த்துக்கொள்கிறவர். எதையும் அடுக்கி வைத்து நம்பர் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கடை முதலாளியிடம் வேனை இரவல் வாங்கியது அவர். சாலையின் அந்தக் கோடியில், கடலைப் பார்த்த மாதிரி ஒரு ரூமுக்கு முன்பணம் கட்டியதும் அவர். வேன் ஓட்டத் தெரியாதது ஒன்றுதான் அவருக்குக் குறை.

"இருட்டறதுக்குள்ள வந்து சாவி வாங்கலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சொல்லிட்டான். லீவு நாள், அவன் காட்டுல மழை. அதனால நல்லாக் கேட்டுக்கங்க. விடியறப்ப கெளம்பறோம். முதல் நிறுத்தம் கலங்கரை விளக்கம். ரெண்டாவது, தரை தட்டிக் கெடக்கற கப்பல். அங்க சாப்பாடு. மூணாவது ரூமு. அவ்வளவுதான்."

கலங்கரை விளக்கத்துக்கே பாதிக் காலைப்பொழுது ஓட்ட வேண்டும். நடுவில் மூச்சு விட இடமில்லை.

அவன் ஏன் அத்தனை நிறுத்தம் கேட்டான் என்பது அவனுக்கும், டிப்போவில் ஒரு கண்டக்டருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

டவுன் பஸ்ஸில் தூக்கம் வராது. வர விடமாட்டார்கள். விசில், பிரேக், குழி, குறுக்கே ஓடும் ஆட்டோ, படியில் தொங்கும் கூட்டம், சில்லறைச் சண்டை என்று யாராவது மனிதனை உலுக்கிக்கொண்டே இருப்பார்கள். போன வருஷம் அவனை நெடுந்தூர வண்டியில் போட்டார்கள். சாலை நேராகப் போயிற்று. என்ஜின் ஒரே சுருதியில் பாடிற்று. பின்னால் அத்தனை பேரும் வாயைப் பிளந்து தூங்கினார்கள். ஒரு விடிகாலையில் அவனும் தூங்கினான். கண் திறந்திருந்தது, கை ஸ்டியரிங்கில் இருந்தது, அவன் மட்டும் இல்லை. சாலை நடுச்சுவரில் வண்டி தேய்ந்து தீப்பொறி பறந்தபோதுதான் திரும்பி வந்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாய் குறுக்கே வந்தது என்று கண்டக்டர் அடித்துச் சொல்லிக் காப்பாற்றினார். முதுகு வலி தாங்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவன் டவுன் பஸ்ஸுக்கே திரும்பினான். வீட்டிலும் முதுகு வலிதான். மனைவி மாதக்கணக்கில் தைலம் தேய்த்துவிட்டாள். நன்றாக இருக்கும் முதுகை அவன் வெட்கத்தோடு காட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

உண்மையைச் சொல்லலாம் என்றால், சகலையின் தம்பி அதே டிப்போவில் மெக்கானிக். சகலை காதில் விழுந்தது எதுவும் மறுநாள் டிப்போ வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் வேலை இருக்குமா என்பது யாருக்குத் தெரியும்.

எல்லாரும் எழுந்திருக்கப் போனார்கள். அவன் வாயில் முன்யோசனை இல்லாமல் அது வந்துவிட்டது.

"நான் எனக்காகச் சொல்லல. அத்தைக்காகத்தான். அவங்களுக்கு அடிக்கடி எறங்கிப் போகணும்ல."

மாமியார் நீட்டியிருந்த காலை மடக்கினாள்.

அவள் ஆயுசில் பாதியைக் கட்டட வேலையில் கழித்தவள், சித்தாள். ஜல்லியும் சிமெண்டும் சுமந்து மாடி மாடியாக ஏறியவள். வேலை நடக்கிற இடத்தில் ஆண்களுக்கு ஏதாவது ஒரு மூலை கிடைத்துவிடும். பெண்கள் வீட்டுக்குத் திரும்புகிறவரை அடக்கிக்கொள்ள வேண்டும். வருஷக்கணக்காக அடக்கி வைத்தது இப்போது பழி வாங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் விட்டுச் சொன்னதில்லை.

"எனக்காக எவரும் வண்டியை நிறுத்த வேண்டாம்" என்றாள் மாமியார். "நான் இப்பவே தண்ணியை நிறுத்திக்கறேன். போதுமா மாப்பிள்ள?"

"அத்தை, நான் அப்படிச் சொல்லல..."

"எப்படியும் சொல்ல வேண்டாம்."

சமையலறையில் மனைவி வழிக்கு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவளும் தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போட்டுவிட்டு வந்தவள். அடுப்பின் மேடையில் இடுப்பைச் சாய்த்து நின்றாள்.

"அம்மாவை ஏங்க நடுவுல இழுத்தீங்க? பாவம், மூஞ்சியே செத்துப்போச்சு."

"வாய் தவறிடுச்சு."

"முதுகு வலிக்குதா? முடியலேன்னா இப்பவே சொல்லிருங்க. அக்கா வீட்டு மாமா வையறதை நான் வாங்கிக்கறேன்."

கதவோரம் பை நின்றது. அவள் வாரத் தொடக்கத்திலேயே கட்டி வைத்துவிட்ட பை. அதன் மேல் மணலில் நடக்க வாங்கிய ரப்பர் செருப்பு, அட்டை பிரிக்காமல் இருந்தது. கல்யாணமானதிலிருந்து அவன் அவளை எங்கும் கூட்டிப் போனதில்லை. ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் பெண்டாட்டி வேலைக்கு நடந்துதான் போகிறாள் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

"போலாம்" என்றான்.

விடிகிறபோது கிளம்பினார்கள். சகலை முன் சீட்டில் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து வழிகாட்டினார். பாலம் வருமுன்பே அவர் தலை கண்ணாடியில் சாய்ந்தது. பின்னால் அக்காளும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். மனைவி கடலைப் பார்க்க வேண்டும் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தவள், கடல் தெரியத் தொடங்கிய இடத்தில் தூங்கிப்போனாள். நடுச்சீட்டில் மாமியார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெள்ளையாகியிருந்தது.

பாலம் போயிற்று. அவன் கேட்ட முதல் நிறுத்தம். உப்பளம் வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளைப் பாத்தி, கண் கூசும் வெளிச்சம், வளைவே இல்லாத தார். அவன் ஜன்னலை முழுக்க இறக்கினான். கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்தான். காது மடலை நிமிண்டினான். என்ஜின் ஒரே சுருதியில் பாட ஆரம்பித்தது. அந்தப் பாட்டு அவனுக்குப் பழக்கமானது.

"மாப்பிள்ள, நிறுத்துங்க!"

அவன் கால் பிரேக்கை மிதித்தபிறகுதான் காது அதைக் கேட்டது. வேனின் முன்சக்கரம் சாலையோர மண்ணில் இருந்தது.

"என்ன? என்னாச்சு?" சகலை திடுக்கிட்டு விழித்தார்.

"ஒண்ணுமில்ல. எனக்கு அவசரம்" என்றாள் மாமியார்.

"கெளம்பி இன்னும் சூடே ஆறலியே, அத்தை!"

அவள் இறங்கிப் புதருக்குப் பின்னால் போனாள். அவன் பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான். மறுபடி ஓட்டினான். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே குரல். அதற்கப்புறம் இன்னொரு தடவை. அந்த இடத்தில் புதர் இல்லை. மீனவர்கள் கவிழ்த்துப் போட்ட படகு ஒன்று இருந்தது. மாமியார் அதன் மறைவுக்குப் போய் வெகுநேரம் வரவில்லை.

"போய்ப் பாருங்க சகல, உங்க மாமியார் நீந்திப் போயிட்டாங்களான்னு" என்றார் சகலை.

அவன் கொஞ்சம் தள்ளி நின்று குரல் கொடுத்தான்.

"அத்தை, தண்ணி வேணுமா?"

"இங்க வாங்க."

அவள் படகில் முதுகைக் கொடுத்துச் சும்மா நின்றுகொண்டிருந்தாள். சேலை கலையவில்லை. மணல் காய்ந்து கிடந்தது.

"என்ன பாக்கறீங்க? போறதுக்கு என்ன இருக்கு? நேத்து ராத்திரியிலேர்ந்து சொட்டுத் தண்ணி குடிச்சிருந்தாத்தானே."

"அப்ப எதுக்கு அத்தை..."

"சாரத்துல நின்னுக்கிட்டே தூங்கின கொத்தனாரை நான் பாத்திருக்கேன். கரண்டி கையில, கண்ணு தொறந்தபடி. அவர் எங்களைத்தான் பாக்கறாருன்னு நெனச்சோம். சட்டியை நீட்டினேன், வாங்கலை. அப்படியே போயிட்டாரு, கீழ." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "கண்ணாடியில உங்க கண்ணு அந்தக் கண்ணு மாதிரி இருந்துச்சு. எத்தனை நாளா இப்படி?"

அவன் கடலைப் பார்த்தான். அது பாட்டுக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"போன வருஷம் அந்தப் பெரிய வண்டியிலேர்ந்து."

"அப்ப முதுகு வலி?"

"அது இல்ல."

"எம்பொண்ணு தைலம் தேச்சே கையெல்லாம் புண்ணா வெச்சிருக்கா." அவள் குரலில் கோபம் வரவில்லை. அவளுக்கும் அலுத்திருந்தது. "நேத்து என் பேரைச் சொன்னப்ப உங்க கன்னத்துல ஒண்ணு விடலாமான்னு இருந்துச்சு. சரி, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். எனக்கு வர்ற மாதிரி வந்துக்கிட்டே இருக்கும். நீங்க ஓட்டுங்க."

வேண்டாம் அத்தை என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

அதற்கப்புறம் பயணம் ஏறக்குறைய அவன் போட்ட கணக்குப்படியே நடந்தது. உப்பளம் முடிகிற இடத்தில் ஒன்று. டோல்கேட்டில் ஒன்று. பெட்ரோல் பங்க்கில் ஒன்று. அவன் இமை கனக்கிற நேரம் பார்த்துப் பின்னாலிருந்து குரல் வந்தது. கண்டக்டர் விசில் மாதிரி, ஒரு தடவையும் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கிழவி முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தள்ளாடிப் போய், எங்காவது மறைவில் சும்மா நின்றுவிட்டு வந்தாள். வெயில் ஏறியது. கலங்கரை விளக்கத்தை ஓடும் வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"அதோ போகுது பாரு, முதல் நிறுத்தம்" என்றார் சகலை. சிரிப்பு அவரிடம் தீர்ந்துபோயிருந்தது.

"அம்மா, கொஞ்சம் அடக்கக் கூடாதா?" என்றாள் அக்காள். "இருட்டறதுக்குள்ள போய்ச் சேரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. உன்னைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்திருக்கலாம்."

"வயசானவங்ககிட்ட ஏன்க்கா..." என்று அவன் மனைவி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இருடி. போட்ட பணம் அவரோடது."

கொஞ்ச நேரத்தில் அவன் கண் சொக்கியது. அவள் வாய் திறந்தது. "மாப்பிள்ள..."

சகலை முழு உடம்பையும் திருப்பினார். "போதும் அத்தை. மனுஷனுக்கு ஒரு பொறுமைதான் இருக்கு. சகல, அடுத்த ஊர்ல மருந்துக்கடை முன்னாடி நிறுத்துங்க. குழந்தைக்குக் கட்டற மாதிரி பெரியவங்களுக்கும் விக்கறான். ஒண்ணு வாங்கிக் கட்டிவிட்ருங்க. எல்லாருக்கும் நிம்மதி."

மகள் களுக்கென்று சிரித்தாள். அக்காளுக்கும் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள்.

அவன் கண்ணாடியைப் பார்த்தான். தலையில் சட்டி சுமந்து மாடி மாடியாக ஏறியவள், இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்துக் கரையேற்றியவள், முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. அவள் கண்ணாடியில் அவனைப் பார்க்கவே இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அவன் வேனை ஓரம் கட்டினான். அந்த இடத்தில் கடை இல்லை, மரம் இல்லை, படகுகூட இல்லை. என்ஜினை அணைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"அத்தைக்கு வரலை. காலையிலேர்ந்து ஒரு தடவைகூட வரலை. எனக்குத்தான் தூக்கம் வருது."

யாருக்கும் புரியவில்லை. அவன் சாலையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். நடுச்சுவர், தீப்பொறி, இல்லாத நாய், வலிக்காத முதுகு, இன்று காலை மண்ணில் இறங்கிய சக்கரம். "நான் தூங்கறப்பெல்லாம் அவங்க எழுப்பினாங்க. அவ்வளவுதான்."

சகலை கதவைத் திறந்து இறங்கினார். சுற்றி வந்து அவன் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போதும் நீங்க போட்டுப் பேசுகிற மனிதர்.

"பின்னாடி எம்பொண்ணு உக்காந்திருக்கா. தெரியுமா உனக்கு? தெரிஞ்சும் ஓட்டிருக்கே."

"ஆமா."

"ஆமாவா? என்னய்யா ஆமா?"

மனைவி இறங்கி வந்தாள். சகலையை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவி எடுத்தாள். அவள் விரல் முட்டிகள் இஸ்திரிச் சூட்டில் கறுத்திருந்தன.

"பின்னாடி போய்ப் படுங்க" என்றாள்.

"இருட்டறதுக்குள்ள..."

"படுங்கன்னேன்ல. தைலம் தேச்ச கதையை அப்புறம் பேசிக்கலாம்."

அவன் கடைசி சீட்டில் காலை மடக்கிப் படுத்தான். அடிபட்டு விழுந்த மாதிரி தூங்கினான்.

விழித்தபோது கன்னத்தில் சீட்டுத் துணியின் வரி பதிந்திருந்தது. வெயில் கடல் பக்கத்திலிருந்து மேற்குப் பக்கம் போய்விட்டிருந்தது. மகள் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு மணலில் நின்றிருந்தாள். அக்காள் முட்டையை உரித்து உரித்து அம்மாவுக்குக் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல்தான் கொடுத்தாள். மாமியார் ஒரு பாட்டில் தண்ணீரை முடித்துவிட்டு அடுத்ததைத் திறந்துகொண்டிருந்தாள்.

சகலை வந்து வேன் படியில் உட்கார்ந்தார்.

"ரூம் போச்சு. போன் பண்ணினேன், ஆள் காத்துக்கிட்டு நிக்குதுன்னு வெச்சுட்டான்."

"மன்னிச்சுக்கங்க சகல."

"அது கெடக்கட்டும்." அவர் கொஞ்ச நேரம் செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். "உங்க விஷயத்தை எந்தம்பி காதுல போடறதா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இன்னும் முடிவுக்கு வரலை."

"டவுன் பஸ்ல வராது சகல. சத்தியமா."

"வராதுன்னு நீங்க சொல்றீங்க. தெனம் அந்த பஸ்லதான் நான் வேலைக்குப் போறேன்."

"இனிமே டபுள் டியூட்டி எடுக்க மாட்டேன்."

"டைம்கீப்பர் விட்ருவானா?"

அவன் கன்னத்தில் பதிந்திருந்த வரியைத் தேய்த்துக்கொண்டான். ரூம் இல்லாமல் ராத்திரி எங்கே தங்குவது என்பது யாருக்கும் தெரியவில்லை. எங்காவது தங்க வேண்டியதுதான்.

ஏறினார்கள். சகலை பின் சீட்டுக்குப் போனார். மனைவி முன்னால் வந்து உட்கார்ந்து சாவியை நீட்டினாள். நீட்டிய பிறகும் உடனே விடவில்லை.

"நிறுத்தம் இனிமே நான் சொல்றதுதான். அதோ தெரியுதே தண்ணித் தொட்டி, அங்க ஒண்ணு."

"அது ரொம்பக் கிட்ட இருக்கே."

"கிட்ட இருந்தா என்ன? அங்க எறங்கி மூஞ்சி கழுவிட்டு அடுத்ததைப் பாக்கலாம்."

அவன் என்ஜினைப் போட்டான். கியரில் கை வைத்துக்கொண்டு, வழக்கம்போல், பின்னாலிருந்து வரவேண்டிய இரட்டை விசிலுக்காகக் காத்திருந்தான். இந்த வண்டியில் கண்டக்டர் இல்லை என்பது அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்ன மாப்பிள்ள யோசனை? எடுங்க வண்டியை" என்றாள் மாமியார். "சீக்கிரம் அந்தத் தொட்டிகிட்டப் போங்க. இந்தத் தடவை நெஜமாவே வருது."